நின்ற அச்சு, நிற்காத விசிறி: ஒரு வைக்கோல் புளோயர் விபத்தின் ஆய்வு

சென்னையின் தெற்கு விளிம்பில், ஓர் ஏரிக்கரையை ஒட்டிப் புதிதாக மண் கொட்டி உயர்த்திய சாலை. அதன் சரிவில் புல் விதை தூவி, மேலே வைக்கோல் பரப்பும் வேலை நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் மாதம், பிற்பகல். வைக்கோலைக் கிழித்துக் குழாய் வழியாக வீசும் இயந்திரமான வைக்கோல் புளோயரின் வாயில் சிக்கிய கொத்தை எடுக்கப்போன இளம் ஹெல்பருக்கு இடது கை நடுவிரலின் நுனி நகத்தோடு போனது. பக்கத்து மோதிர விரலில் எலும்பு முறிந்தது.

ஒப்பந்ததாரர் தரப்பில் அன்று மாலையே ஓர் அறிக்கை எழுதிவிட்டார்கள். அரைப் பக்கம். "இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது கையை விட்டார், தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்" என்று அதில் இருந்தது. அந்த வேலைக்குப் பொறுப்பான பொறியாளருக்கு அது போதவில்லை. இயந்திரத்தைத் தொடாமல் அப்படியே நிறுத்திவைத்து, வந்து பார்க்கும்படி என்னைக் கூப்பிட்டார். அவர் அப்படிச் செய்ததால்தான் இந்த ஆய்வே சாத்தியமானது. பல இடங்களில் விபத்து நடந்த மறுநாள் காலையிலேயே இயந்திரத்தைக் கழுவி, பெல்ட்டை மாற்றி, வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

அரைப் பக்க அறிக்கையில் இருந்த இரண்டு செய்திகளுமே தவறு. என்ஜின் ஓடவில்லை, சாவியைத் திருப்பி அணைத்தாகிவிட்டது. ஹெல்பர் கவனிக்காமலும் இல்லை. குனிந்து உள்ளே பார்த்தார், வைக்கோலைக் கிழிக்கும் அச்சு அசையாமல் நின்றிருந்தது, அதற்குப் பிறகுதான் கையை விட்டார். அவர் பார்த்தது நின்றிருந்தது. நிற்காதது அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

வைக்கோல் புளோயர் நம் ஊரில் அதிகம் புழங்கும் இயந்திரம் அல்ல. ஆனால் இந்த விபத்தின் உள்ளே இருக்கும் சங்கதி மாட்டுத் தீவனம் வெட்டும் சாஃப் கட்டருக்கும் கதிரடிக்கும் இயந்திரத்துக்கும் மரக்கிளை அரைக்கும் சிப்பருக்கும் பொருந்தும். அதனால்தான் முழுதாக எழுதுகிறேன்.

ஏன் இந்த வேலை, ஏன் இந்த அவசரம்

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். புதிதாகக் கொட்டிய மண்சரிவு அந்த மழையை வெறும் உடம்போடு சந்தித்தால், முதல் இரண்டு கனமழையிலேயே வாய்க்கால் வாய்க்காலாக அரித்துக்கொண்டு போகும். சாலை ஓரம் இறங்கும், மண் ஏரிக்குள் போகும். அதைத் தடுக்கப் புல் வளர்க்க வேண்டும், புல் வேர் பிடிக்கும்வரை விதையையும் மண்ணையும் மூடிக்காக்க வைக்கோல் வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 2 டன் வைக்கோலை விதை மூச்சுவிடும் அளவுக்கு லேசாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்கத் தென்னை நார் வலையை மேலே விரித்து ஆணி அடிப்பார்கள். கையால் பரப்பலாம். ஆனால் செங்குத்தான சரிவில் ஆள் ஏறி இறங்கினால் தூவிய விதை காலோடு வந்துவிடும். கீழே நின்றபடியே மேலே தூவ வசதி இருப்பதால்தான் புளோயர்.

வேலை செப்டம்பருக்குள் முடிய வேண்டும். அந்த நேரத்தில் கைக்குக் கிடைப்பது செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துச் சொர்ணவாரிப் பருவ நெல் வைக்கோல். ஆகஸ்ட், செப்டம்பரில் அறுப்பு, அதே வாரங்களில் சாயங்கால இடிமழை. வயலில் காய்வதற்குள் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், கட்டின் நடுவில் கையை நுழைத்தால் குளிர்ச்சி தெரியும். விபத்து நடந்த இடத்தில் நிலைமை இன்னும் மோசம். கட்டுகளைத் தரையிலேயே அடுக்கி மேலே மட்டும் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். முந்தைய இரவு பெய்த மழைத் தண்ணீர் அடியில் ஓடி, கீழ் இரண்டு வரிசையும் ஊறிப்போயிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வகை இயந்திரங்கள் பெரும்பாலும் கோதுமை, பார்லி வைக்கோலை மனதில் வைத்து உருவானவை. கோதுமைத் தாள் மொடமொடவென்று இருக்கும், அடித்தால் உடையும். நெல் வைக்கோல் நீளம், துவளும், அடித்தால் உடையாமல் சுற்றிக்கொள்ளும். சிலிக்கா அதிகம் என்பதால் இரும்பையும் சீக்கிரம் தேய்க்கும். கையேட்டில் போட்டிருக்கும் பராமரிப்பு இடைவெளியை நெல் வைக்கோலுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் இங்கே கையேடே கிடையாது. வாடகைக்கு வந்த வண்டி, கூட வந்தது ஒரு சாவியும் ஒரு கிரீஸ் துப்பாக்கியும்.

இயந்திரத்தின் அமைப்பு

இழுத்துச் செல்லும் இரு சக்கர வண்டியின் மேல் ஒரு டீசல் என்ஜின். முன்னால் வைக்கோல் கட்டைத் தள்ளும் வாய். வாய்க்கு உள்ளே ஒரு அச்சில் இரும்புச் சங்கிலித் துண்டுகள் தொங்கும், ஆட்கள் அதைச் செயின் ஷாஃப்ட் என்றார்கள். அது சுற்றும்போது சங்கிலிகள் விறைத்து நின்று கட்டைக் கிழிக்கும். அதற்குப் பின்னால், தகட்டுக் கூண்டுக்குள் விசிறி. கிழிந்த வைக்கோலை இழுத்து மேலே உள்ள குழாய் வழியாக வீசுவது அதுதான். குழாயைத் திருப்ப ஒரு ஆபரேட்டர் மேடையில் நிற்பார்.

என்ஜினிலிருந்து சக்தி முதலில் விசிறி அச்சுக்குப் போகிறது. நடுவில் ஒரு கிளட்ச், என்ஜின் வேகம் குறைந்தால் தானாகவே விட்டுவிடும் வகை. விசிறி அச்சின் மறுமுனையிலிருந்து மூன்று வி-பெல்ட்கள் செயின் ஷாஃப்டைச் சுற்றுகின்றன. ஆக, என்ஜினை அணைத்தால் கிளட்ச் விட்டுவிடும், விசிறி தன் கனத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். விசிறி சுற்றும்வரை, பெல்ட் வழியாக, செயின் ஷாஃப்டும் சுற்றலாம்.

விசிறியின் விட்டம் 60 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்று. அதாவது தகட்டின் விளிம்பு விநாடிக்கு 47 மீட்டர் போகிறது, மணிக்கு 170 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இதை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை, சத்தமே பயமுறுத்திவிடும். ஆபத்து அது ஓய்ந்துகொண்டிருக்கும்போது. வேகம் நிமிடத்துக்கு 60 சுற்றாக இறங்கியபிறகு சத்தமே இருக்காது. ஆனாலும் நான்கு தகட்டு விசிறியில் கால் விநாடிக்கு ஒரு தகடு கடந்துபோகும். மனிதக் கை ஆபத்தை உணர்ந்து பின்வாங்கத் தொடங்கவே ஏறத்தாழ அந்தக் கால் விநாடி ஆகும்.

அன்று நடந்தது

ஆபரேட்டர், ஹெல்பர், மேஸ்திரி, சரிவில் வலை விரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசினேன். சொன்னவை பெரும்பாலும் ஒத்துப்போயின. காலையிலிருந்தே வாய் அடைத்துக்கொண்டிருந்தது. எத்தனை தடவை என்று யாரும் எழுதிவைக்கவில்லை. "பத்துக்கு மேல இருக்கும் சார், அப்புறம் எண்ணல" என்றார் ஆபரேட்டர். ரப்பர் தீய்ந்த வாடை வந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது பெல்ட்டின் வாடை என்று யாருக்கும் தோன்றவில்லை, என்ஜின் சூடாகிவிட்டது என்று நினைத்து ஒருமுறை தேநீர் இடைவேளை விட்டார்கள்.

முதல் சில அடைப்புகளுக்கு என்ஜினை அணைத்து, நன்றாகக் காத்திருந்து, ஒரு மூங்கில் கழியால் கிளறி எடுத்தார்கள். நேரம் ஆக ஆகக் காத்திருப்பது சுருங்கியது. கூலி சதுர மீட்டர் கணக்கு, பரப்பினால்தான் காசு. மேற்கே கருமேகம் வேறு. மதியத்துக்கு மேல் மூங்கில் கழி முறிந்தது, வேறு கழி வரவில்லை.

பிற்பகலில் அடியில் ஊறிய கட்டு ஒன்று உள்ளே போனது. பாதியில் சிக்கி, செயின் ஷாஃப்ட் அப்படியே நின்றுவிட்டது. ஆபரேட்டர் மேடையிலிருந்து சாவியைத் திருப்பினார்.

"ண்ணே, ஆஃப் பண்ணிட்டியா?" என்று கீழிருந்து ஹெல்பர் கேட்டார்.

"ஆஃப்தான்டா தம்பி, எடு."

ஹெல்பர் ரப்பர் திரையை விலக்கிப் பார்த்தார். சங்கிலிகள் தொங்கிக்கொண்டிருந்தன. கொத்தை இரு கையாலும் பிடித்து இழுத்தார். அது பிடுங்கிக்கொண்டு வந்த அதே நொடியில் செயின் ஷாஃப்ட் சுற்றியது. வலது கை கொத்தோடு வெளியே வந்துவிட்டது, இடது கை வரவில்லை.

நின்றிருந்த அச்சு எப்படிச் சுற்றியது

பெல்ட் மூடியைக் கழற்றியதும் பாதி விடை கிடைத்துவிட்டது. மூன்று பெல்ட்களில் இரண்டு பழையவை, பக்கவாட்டு கண்ணாடிபோல் பளபளத்தது. ஒன்று மட்டும் புதிது. இரு புல்லிக்கும் நடுவே பெல்ட்டின் நீளம் 60 சென்டிமீட்டர். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் சுமார் 1 சென்டிமீட்டர்தான் அமுங்க வேண்டும், அதாவது நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. இங்கே 3 சென்டிமீட்டர் அமுங்கியது. பழைய பெல்ட்கள் நீண்டு தொங்கியதால் சுமை முழுவதும் புதிய ஒற்றைப் பெல்ட்டின் மேல். அதுவும் வழுக்கத் தொடங்கியிருந்தது.

மீதிப் பாதிக்கு ஒரு சோதனை செய்தோம். எல்லோரையும் தள்ளி நிறுத்தி, இயந்திரத்தைக் காலியாக ஓட்டி அணைத்தோம். விசிறியும் செயின் ஷாஃப்டும் சேர்ந்தே சுற்றி, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்து, சேர்ந்தே நின்றன. இதைத்தான் குழுவினர் தினமும் பார்த்திருக்கிறார்கள். செயின் ஷாஃப்ட் நின்றால் எல்லாம் நின்றது என்று அவர்கள் நம்பியதில் தப்பே இல்லை. அப்புறம் செயின் ஷாஃப்டை ஒரு மரச்சட்டத்தால் முட்டுக்கொடுத்துக் கட்டிவிட்டு, சில விநாடி மட்டும் என்ஜினை ஓட்டி அணைத்தோம். செயின் ஷாஃப்ட் கல்லுபோல நின்றது. பின்னால் கூண்டுக்குள் விசிறி கிட்டத்தட்ட இருபது விநாடி சுற்றிக்கொண்டே இருந்தது. தளர்ந்த பெல்ட் புல்லியின் மேல் வழுக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

விபத்தின் வடிவம் இதுதான். கொத்து அடைத்ததால் முன் அச்சு நின்றது. பெல்ட் வழுக்கியதால் பின் விசிறி நிற்கவில்லை. கொத்தைப் பிடுங்கியதும் முன் அச்சுக்குத் தடை போய்விட்டது, பெல்ட் பிடித்துக்கொண்டது, விசிறியில் மிச்சமிருந்த வேகம் சங்கிலிகளுக்கு வந்து சேர்ந்தது. அடைப்பை எடுப்பதே இயந்திரத்தை முடுக்கும் செயலாக மாறிவிட்டது. இதை எந்தக் கண்ணும் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் விசிறியைப் பார்க்க அந்த இயந்திரத்தில் வழியே இல்லை.

புதிய பெல்ட்கள் மூன்றும் மாட்டி, சரியான இறுக்கம் வைத்து, அதே மரச்சட்டச் சோதனையைத் திரும்பச் செய்தோம். இப்போது விசிறி கிளம்பவே முடியாமல் என்ஜின் திணறி நின்றுவிட்டது. பெல்ட் சரியாக இருந்தால் அடைப்பு வந்ததும் எல்லாம் ஒன்றாக நின்றிருக்கும். அதைவிட முக்கியம், செயின் ஷாஃப்டுக்கு முழுச் சக்தியும் போயிருக்கும், காலையிலிருந்து இத்தனை அடைப்பே வந்திருக்காது.

என் முடிவு இதில்தான் நிற்கிறது. விபத்தைக் கை உள்ளே போன நொடியில் தேடக் கூடாது, அடைப்பின் எண்ணிக்கையில் தேட வேண்டும். ஒரு நாளைக்கு ஒருமுறை அடைக்கும் இயந்திரத்தில் யாரும் விதியை மீற மாட்டார்கள், காத்திருப்பார்கள். அரைமணிக்கு ஒருமுறை அடைத்தால், எவ்வளவு நிதானமான ஆளாக இருந்தாலும் ஒரு கட்டத்தில் கையை விட்டுவிடுவார். "கவனமாக இரு" என்று அவரிடம் சொல்வது உதவாது. அடைப்பை நிறுத்த வேண்டும், அது பராமரிப்பு வேலை, அதற்குப் பொறுப்பு இயந்திரத்தை வைத்திருப்பவருக்கும் வேலையை நடத்துபவருக்கும்.

அடைப்பின் மற்ற காரணங்கள்

செயின் ஷாஃப்டின் இரு முனையிலும் பேரிங்கை ஒட்டி நைலான் கயிறு பட்டை பட்டையாகச் சுற்றியிருந்தது. கத்தியால் வெட்டி எடுத்ததில் ஒரு கைப்பிடிக்கு மேல் தேறியது. வைக்கோல் கட்டைக் கட்டிவரும் கயிறுதான். கட்டைப் போடும் முன் வெட்டி உருவாமல், வெட்டிவிட்டு அப்படியே உள்ளே தள்ளியிருக்கிறார்கள். சணல் என்றால் அறுந்து போய்விடும். நைலான் உருகி இறுகி, பேரிங்கின் சீலைத் தின்றுவிடும், அப்புறம் கிரீஸ் வெளியே, தூசி உள்ளே. ஒரு பக்கத்துப் பேரிங்கை விரலால் சுற்றினால் கரகரவென்றது.

இதற்கு ஒரு எளிய வழக்கம் போதும். உருவிய கயிறுகளை ஒரு சாக்கில் போட வேண்டும். சாயங்காலம் காலியான கட்டுகளின் கணக்கையும் சாக்கில் உள்ள கயிறுகளின் கணக்கையும் ஒப்பிட்டால் எத்தனை கயிறு உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். வெட்டும் கத்தியையும் ஒரு கயிற்றில் வண்டியோடு கட்டிவைக்க வேண்டும். கத்தி வைக்கோலோடு உள்ளே போனால் குழாய் வழியாக எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

சங்கிலிகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன, ஒன்று அறுந்து காணாமலே போயிருந்தது. அது விபத்து நாளில் அறுந்ததா, முன்பேயா தெரியவில்லை. அறுந்த கண்ணி எந்தத் திசையிலும் பறந்திருக்கும், சரிவில் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவதும் சரியல்ல. எதிரெதிர் சங்கிலிகள் ஒரே கனமாக இருந்தால்தான் அச்சு ஆடாமல் சுற்றும், ஆட்டம் பேரிங்கைக் கொல்லும், போல்ட்டைத் தளர்த்தும். முழுத் தொகுதியாக மாற்றுவதுதான் முறை. பெல்ட்டுக்கும் இதே விதி. புதுப்பேட்டையில் பழைய பெல்ட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டுவது மிச்சம் அல்ல.

ஈரக் கட்டுக்குப் பெரிய சாதனம் ஒன்றும் வேண்டியதில்லை. அடியில் மரப்பலகை அல்லது செங்கல் வரிசை போட்டு அடுக்குவது, தார்ப்பாயின் ஓரத்தைத் தரைவரை இறக்குவது, நடுவில் கை நுழைத்துப் பார்த்து ஈரமானதைத் தனியே ஒதுக்குவது. ஒதுக்கியதைக் கையால் உதறி வலைக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம். கறுத்துப் பூஞ்சை பிடித்த கட்டை அதுவும் செய்யக் கூடாது. அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்குக் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று தொடங்கி நுரையீரல் நிரந்தரமாகக் கெடும் நோய் வரும் என்பது விவசாயிகளிடம் நன்றாகத் தெரிந்த விஷயம். முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டும் என்95 முகக்கவசம் வேண்டும். மேலும் துண்டு இந்த இயந்திரத்தின் பக்கத்தில் தனி ஆபத்து. கழுத்துத் துண்டு, மணிக்கட்டுக் கயிறு, தொளதொளப்பான நூல் கையுறை எல்லாம் கையையும் சேர்த்து இழுத்துப்போகும் பொருள்கள். கட்டிட வேலைப் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போடுவது இங்கே பொருத்தமான பழக்கம்.

கண்ணில் பட்ட இன்னொரு ஆபத்து

பெல்ட் மூடிக்குள் கருகிய வைக்கோல் இருந்தது. வழுக்கும் பெல்ட் புல்லியைச் சூடாக்கும், அங்கே சேரும் தூசி கனலும். புகைபோக்கியின் மேலும் வைக்கோல் படிந்திருந்தது. அந்த வாரமே விரலுக்குப் பதிலாகத் தீ விபத்தை ஆராய நேர்ந்திருக்கலாம். பக்கத்திலேயே கட்டுகளின் அடுக்கு, எல்லாம் உள்ளே காய்ந்திருந்தால் நிமிடங்களில் முடிந்திருக்கும்.

வண்டியில் தீயணைப்பு உருளை இருந்தது, நல்லது. ஆனால் வைக்கோல் தீக்கு உலர் தூள் மட்டும் போதாது. தூள் சுவாலையை அடக்கிவிடும், உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருக்கும், ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி பிடிக்கும். தண்ணீர் டிரம் ஒன்றும் வாளியும் வேண்டும், கிளறிக் கிளறி நனைக்க வேண்டும். டீசல் ஊற்றுவது என்ஜின் அணைந்து ஆறிய பிறகு மட்டும். ரேடியேட்டர் முன்னால் உள்ள வலையையும் புகைபோக்கியையும் உணவு இடைவேளையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை துடைப்பதை ஆபரேட்டரின் வேலையாகவே எழுதிவைத்தோம். காற்று வடிகட்டி நெல் வைக்கோல் வேலையில் தினமும் பார்க்க வேண்டிய பொருள், உள்ளிருந்து வெளியேதான் ஊத வேண்டும்.

சென்னையில் வேலை செய்பவர்களுக்குக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழையும். அதை எதிர்த்து வீசினால் வைக்கோலும் கல்லும் ஆபரேட்டர் முகத்துக்கே திரும்பும், சாலைப் பக்கம் போனால் இரு சக்கர வாகனக்காரர்களின் கண்ணுக்கு. கிழக்கு நோக்கி வீச வேண்டிய பகுதிகளைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

முதல் அரைமணி

விபத்துக்குப் பிறகு நடந்ததில் ஒரு தவறு உண்டு, குழுவினர் மேல் குற்றம் சொல்ல முடியாத தவறு. துண்டான விரல்நுனியை யாரோ தேடி எடுத்து, பக்கத்துப் பழச்சாறு கடையில் ஐஸ் வாங்கி, அந்த ஐஸிலேயே நேராகப் போட்டு எடுத்துப்போனார்கள். எடுத்துப்போக வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். ஆனால் ஐஸ் நேராகப் பட்டால் தசை உறைந்து செத்துவிடும். சுத்தமான துணியைத் தண்ணீரில் அல்லது சலைனில் நனைத்துப் பிழிந்து, அதில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து, 108-க்கு அழைக்கும்போதே "விரல் துண்டாகிவிட்டது" என்று சொல்லிவிட வேண்டும். எங்கே கொண்டுபோவது என்பதை அது தீர்மானிக்கும்.

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மருத்துவர் ரா. வெங்கடசாமி 1971-இல் தொடங்கியது, இயந்திரத்தில் கை சிக்கியவர்களுக்காகவே வளர்ந்தது என்று சொல்லலாம். 2018-இல் அங்கே ஒரு தொழிலாளிக்கு இரு கைகளையும் மாற்றிப் பொருத்தினார்கள். நகரின் தென்கோடியிலிருந்து அது தூரம்தான், முதலில் அருகில் உள்ள அவசர சிகிச்சைக்குப் போய், அங்கிருந்து அனுப்பச் சொல்லலாம். குளிரில் சரியாக வைத்த விரலுக்குப் பல மணி நேரம் அவகாசம் உண்டு. இந்த இளைஞருக்கு நுனியைத் திரும்பப் பொருத்த முடியவில்லை. மோதிர விரல் எலும்பு கூடிவிட்டது.

அவர் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை, மேஸ்திரியின் கைநோட்டில் மட்டும் இருந்தது. பொறியாளர் உறுதியாக நின்றதால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் பேசி முடிந்தது. ஆனால் அது ஒரு தனிமனிதரின் நல்ல மனதில் தொங்கியிருக்கக் கூடாது. பதிவேட்டில் முதல் நாளே பெயர் ஏற வேண்டும், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். இதை நான் இயந்திரப் பாதுகாப்பின் பகுதியாகவே எண்ணுகிறேன். பெயர் எழுதப்படாத ஆளுக்குப் பயிற்சி கொடுத்ததாக யாரும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

மாற்றியவை

செய்த மாற்றங்களில் மிக எளியது ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட். விசிறி அச்சின் புல்லியில் குறுக்கே ஒரு பட்டை அடித்தோம். பெல்ட் மூடியின் தகட்டை ஓரிடத்தில் வெட்டி, விரல் நுழையாத கம்பி வலை வைத்தோம். இப்போது ஹெல்பர் நிற்கும் இடத்திலிருந்தே பட்டை தெரிகிறது. பட்டை மங்கலாகத் தெரிந்தால் விசிறி சுற்றுகிறது, கூர்மையாக நின்றால்தான் நின்றது. நிமிடக் கணக்குச் சொல்லிக் காத்திருக்கச் சொல்வதைவிட இது நம்பகமானது.

அதற்குப் பிறகும் கை போகக் கூடாது. பெல்ட் சரியாக இருந்தாலும், அடைப்பில் நின்ற அச்சு முறுக்கேறி நிற்கும், கொத்து வந்ததும் கால் சுற்றுத் துள்ளும். அதனால் புல்லியில் ஒரு துளை போட்டு, சட்டத்தோடு சேர்த்துப் பூட்டும் இரும்பு ஊசி ஒன்று செய்தோம். ஊசி ஒரு சங்கிலியில் தொங்குகிறது, என்ஜின் சாவியும் அதே சங்கிலியில். சாவியை உருவினால்தான் ஊசி புல்லிவரை எட்டும், ஊசி துளையில் இருக்கும்வரை சாவியை மேடைக்குக் கொண்டுபோக முடியாது. மேடையில் நிற்பவர் "ஆஃப்" என்று சொன்னதை நம்பிக் கீழே நிற்பவர் கையை விடும் நிலை இனி இல்லை. உள்ளே போகும் ஆள் யாரோ, சாவி அவர் கையில். இதெல்லாம் செய்தபிறகும் கொத்தை எடுப்பது நீண்ட கைப்பிடி போட்ட கொக்கியால்தான். கொக்கி இரண்டு வாங்கி வைத்திருக்கிறார்கள், ஒன்று முறிந்தால் மற்றது.

ஊட்டும் வாயை நீட்டியது செலவு கொஞ்சம் ஆன வேலை. கதிரடிக்கும் இயந்திரங்களுக்கு நம் நாட்டில் இதற்கென்றே தரநிலை உண்டு: ஊட்டு வாய் குறைந்தது 900 மில்லிமீட்டர் நீளம், அதில் 450 மில்லிமீட்டர் மேலே மூடியிருக்க வேண்டும். கதிரடிக்கும் இயந்திரங்களில் ஏராளமானோர் கையை இழந்ததன் பின்னணியில் வந்ததுதான் 1983-இன் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். வைக்கோல் புளோயரைப் பற்றி அதில் பேச்சில்லை, ஆனால் கையின் நீளம் இரண்டு இயந்திரத்துக்கும் ஒன்றுதான். நம் வண்டியின் வாய் வெறும் அரை மீட்டர் நீளம். தோள்வரை நீட்டினாலும் சங்கிலியை எட்டாத அளவுக்குத் தகடு வைத்து நீட்டினோம். கட்டைத் தூக்கிப் போடுவது கொஞ்சம் கடினமாகிவிட்டது என்று ஆட்கள் குறைப்பட்டார்கள், நியாயம்தான். தகட்டின் அடியில் இரண்டு உருளை வைத்ததும் அந்தப் பேச்சு நின்றது.

அடைப்புக் கணக்கு ஒரு சின்ன நோட்டில் ஏறுகிறது. நேரம், கட்டு ஈரமா காய்ந்ததா, கயிறு கிடைத்ததா, இந்த மூன்று மட்டும். ஒரு மணி நேரத்தில் மூன்றாவது அடைப்பு வந்தால் இயந்திரத்தை நிறுத்திப் பெல்ட்டையும் கட்டையும் பார்க்க வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று மேஸ்திரியிடம் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு இதுதான் எல்லா மாற்றத்திலும் முக்கியமானதாகத் தோன்றுகிறது. கூலி நிற்கும் என்றால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

வாடகைக்குத் தந்தவர் தொடக்கத்தில் முரண்டு பிடித்தார், பெல்ட்டைக் காட்டியதும் பேசவில்லை. அவரிடம் உள்ள மற்றொரு புளோயரிலும் வெள்ளைப் பட்டையும் ஊசியும் போட்டாயிற்று. பின்பக்கப் பேரிங்குக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. அதன் கிரீஸ் முனை மூடிக்குள் இருக்கிறது, மூடியைக் கழற்றாமல் கிரீஸ் துப்பாக்கி எட்டாது. ஒரு செப்புக்குழாயை வைத்து முனையை வெளியே கொண்டுவர வேண்டும், அதற்கான சின்னப் பொருத்துகள் பிராட்வே கடைகளில் கிடைக்கின்றன. அது முடியும்வரை மூடியைக் கழற்றும் வேலை காலையில், ஊசி மாட்டிய பிறகு, சாவி மெக்கானிக்கின் சட்டைப் பையில் இருக்கும்போது மட்டும்.